மலேசிய வானமும் முகூர்த்த நாளும்

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் செய்துபார்’ என்பது பழமொழி. கல்யாண வேலைகளில் முதலில் எழும் கேள்வி, ‘எப்பொழுது?’ என்பதாகும். நாள் உறுதியான பின்னரே மண்டபம், விருந்து, அழைப்பிதழ் ஆகிய அனைத்தும் முடிவாகும். மலேசியத் தமிழர்கள் அந்த நாளைப் பஞ்சாங்கத்தில் தேடுகின்றனர். எனினும், பஞ்சாங்கம் பிறந்த மண்ணின் வானிலை வேறு. கோலாலம்பூரையும் கிள்ளானையும் உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கின் வானிலை வேறு. இரண்டையும் அறிந்து முடிவெடுப்பதே சிறப்பாகும்.

தமிழ் மாதங்களுக்கும் தமிழ்நாட்டு உழவுத் தொழிலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்றனர் முன்னோர். விதைப்புக் காலத்தில் ஆள்பலமும் பணமும் வயலுக்கே தேவைப்பட்டன. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அங்கு வடகிழக்குப் பருவமழை பெய்யும். தை மாதத்தில் மழை ஓய்ந்திருக்கும். அறுவடையால் கையில் பணமும் இருக்கும். ‘தை பிறந்தால் வழி பிறக்கும்’ என்னும் நம்பிக்கை இச்சூழலில் பொருத்தமாக அமைந்தது. ஆடி, புரட்டாசி, மார்கழி ஆகிய மாதங்கள் வழிபாட்டுக்குச் சிறப்பானவை எனக் கருதி, பெரும்பாலான குடும்பங்கள் அவற்றில் திருமணம் நடத்துவதில்லை. சில குடும்பங்கள் பங்குனியையும் தவிர்க்கின்றன.

இனி, மலேசிய வானிலையைப் பார்ப்போம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்குக் கோடை, குளிர் என்னும் பிரிவு இல்லை. கோலாலம்பூரில் எந்த மாதமாயினும் நண்பகல் வெப்பநிலை ஏறத்தாழ 32 அல்லது 33 பாகை செல்சியசை எட்டும். எனவே, வெப்பத்திலிருந்து தப்ப நல்ல மாதத்தைத் தேடிப் பயனில்லை. நல்ல நேரத்தைத்தான் தேட வேண்டும். மாதத்திற்கு மாதம் மாறுவது மழையே. கிழக்கே தீத்திவங்சா மலைத்தொடரும் மேற்கே சுமத்திரா தீவும் பருவக்காற்றுகளின் வேகத்தைத் தடுக்கின்றன. ஆகவே, பருவக்காற்று வலுவாக வீசும் காலத்தைவிட, ஒரு காற்று ஓய்ந்து மற்றொன்று தொடங்கும் இடைக்காலத்திலேயே கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை மிகுதியாகப் பெய்கிறது. ஏப்ரல் மாதமும், அக்டோபர், நவம்பர் மாதங்களும் அத்தகையவை. ஜூன், ஜூலை மாதங்களில் மழை குறைவு. ஜனவரி, பிப்ரவரி மாதங்களிலும் அது ஓரளவு தணிந்திருக்கும்.

இவற்றைத் தமிழ் மாதங்களோடு ஒப்பிட்டால் ஒரு தெளிவு பிறக்கும். சித்திரை, ஐப்பசி, கார்த்திகை ஆகிய மாதங்களில் முகூர்த்தங்கள் இருந்தாலும் மழைக்கு வாய்ப்பு அதிகம். ஜூன் நடுவில் தொடங்கும் ஆனியும் ஜனவரி நடுவில் தொடங்கும் தையும் பஞ்சாங்கத்திற்கும் வானத்திற்கும் ஒருசேரப் பொருந்துகின்றன. மழை குறைந்த ஜூலையின் பிற்பகுதி ஆடியில் அடங்கிவிடுவதால், பலர் அதைப் பயன்படுத்துவதில்லை.

மழை குறைவு என்பதால் மட்டும் கவலை தீர்ந்துவிடாது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் காட்டுத் தீயின் புகை காற்றோடு வந்து சூழ்வதுண்டு. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் புகைமூட்டத்தால் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2015, 2019ஆம் ஆண்டுகளிலும் புகைமூட்டம் கிள்ளான் பள்ளத்தாக்கை வாட்டியது. ஆதலால், ஆவணியில் நாள் குறிப்போர் குளிரூட்டப்பட்ட மண்டபத்தை நாடுவது நலம். ஆண்டிறுதியில் வேறோர் இடர் உண்டு. 2021 டிசம்பரில் பெய்த தொடர்மழையால் ஷா ஆலாமிலும் கிள்ளானிலும் பல குடியிருப்புகள் வெள்ளத்தில் மூழ்கின. கிள்ளானின் தாழ்வான பகுதிகளில் கடல் பெருக்கும் கனமழையும் ஒரே வேளையில் நேர்ந்தால் நீர் வடிவதற்கு நேரமாகும். மண்டபத்தை முன்பதிவு செய்யும்போது, அங்குச் செல்லும் சாலையில் வெள்ளம் ஏறுமா என்றும் கேட்டறிய வேண்டும்.

மாதத்தைப் போலவே நேரமும் முக்கியமானது. இடைப்பருவக் காலத்தில் காலை வெயில் நிலத்தைச் சூடாக்குகிறது. ஈரக்காற்று மேலெழுந்து கருமேகமாகி, பிற்பகலிலோ மாலையிலோ இடிமழையாகக் கொட்டுகிறது. அலுவலகம் முடியும் வேளையில் மழையும் சேர்ந்தால், கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரும் உறவினர்கள் கூட்டரசு நெடுஞ்சாலையில் நெடுநேரம் சிக்கிக்கொள்வர். காலை முகூர்த்தத்தில் இத்தொல்லை குறைவு. மணமக்களின் பட்டாடையும் பூமாலையும் காலைக் குளிர்ச்சியில் வாடாமல் இருக்கும். முதியவர்களும் களைப்பின்றி அமர்ந்து வாழ்த்துவர்.

இவற்றுக்கு மேல், மக்கள் வகுத்த நாள்காட்டியும் உண்டு. தைப்பூசத்தின்போது பத்துமலைக்குச் செல்லும் சாலைகள் நெரிசலாகும். சீனப் புத்தாண்டின்போது பல கடைகள் மூடப்படும். தீபாவளிக்கு முன்பு பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் புடவைக் கடைகளிலும் பூக்கடைகளிலும் கூட்டம் அலைமோதும். பள்ளி விடுமுறையும் நிலையானதன்று. 2022இல் மார்ச்சுக்கு மாறிய பள்ளித் தொடக்கம் 2026இல் மீண்டும் ஜனவரிக்குத் திரும்பியது. எனவே, பழைய வழக்கத்தை நம்பாமல் அந்தந்த ஆண்டின் அட்டவணையைப் பார்ப்பதே முறை.

மணமகன் வீட்டார் கிள்ளானிலும் மணமகள் வீட்டார் பிரிக்பீல்ட்சிலும் வாழ்வதாகக் கொள்வோம். மணமகளின் பாட்டி சக்கர நாற்காலியில் வருபவர். ஆனியில் மண்டபம் கிடைக்கவில்லை. கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே இரு வீட்டாருக்கும் ஒத்துவருகிறது. அவர்கள் அந்த நாளைக் கைவிட வேண்டியதில்லை. திறந்தவெளிக் கூடாரத்தைத் தவிர்த்து, வாசல்வரை கார் வரக்கூடிய மண்டபத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இரவு விருந்தை மதிய விருந்தாக மாற்றலாம். மாலை மழை தொடங்குமுன் பாட்டி வீடு திரும்பிவிடுவார்.

முகூர்த்தம் குறிப்பது மணமக்கள் நலமாக வாழ வேண்டும் என்பதற்காகவே. வாழ்த்த வருவோரின் நலனையும் எண்ணிப் பார்த்துக் குறிக்கும் நாள், மேலும் நல்ல நாளாகும். முன்னோர் தம் மண்ணையும் மழையையும் அறிந்து வாழ்ந்தனர். நாமும் நாம் வாழும் மண்ணின் வானத்தை அறிந்து நாள் குறிப்பதே அவர்களைப் பின்பற்றுவதாகும்.