இன்சுலின் போத்தலும் இன்னும் சில புரதங்களும்: வெக்கை ஊருக்கான குறிப்புகள்

மனித மரபணுவைப் பற்றீரியாவுக்குள்ளோ மதுவத்துக்குள்ளோ வைத்து மனிதப் புரதம் செய்விக்கும் வேலை ஆய்வுகூடத்தோடு நின்றுவிடவில்லை. 1978இல் அப்படிச் செய்த இன்சுலின் 1982இல் மருந்தாக வந்தது. இன்று பரந்தனிலும் சலரோகக்காரர் வீட்டுப் பிரிட்ஜில் கிடக்கிறது. இன்சுலின் நொதியமல்ல, ஹோர்மோன்தான். ஆனாலும் புரதம் புரதமே. ஆய்வுகூடத்தில் நொதியம் வைத்திருப்பவர் சூடு, உறைவு, குலுக்கல் மூன்றுக்கும் பயப்படுவார். வீட்டிலும் அவைதான் எதிரி.

1. திறக்காத இன்சுலினைப் பிரிட்ஜின் நடுத்தட்டில், 2 முதல் 8 பாகைக்குள் வையுங்கள். கதவுத் தட்டு வேண்டாம். திறக்கத் திறக்கச் சூடும் ஆட்டமும் படும். பின்சுவரில் முட்டவும் விடாதீர்கள், அங்கே உறைந்துபோகும்.

2. ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகியபின் பார்வைக்கு நல்லதாகவே தெரியலாம். போடக்கூடாது, எறியத்தான் வேண்டும். ஆய்வுகூடத்தில் நொதியங்களை மறை 20 பாகையில் வைக்கிறார்களே என்று ஒரு படித்த பிள்ளை கேட்கும். அவற்றில் பலவற்றுக்குப் பாதிக்குப் பாதி கிளிசரோல் கலந்திருக்கும். அந்தக் குளிரிலும் உறையாமல் திரவமாகவே நிற்கும். உங்கள் போத்தலுக்கு அந்தக் காவல் இல்லை.

3. போத்தலைத் திறந்த அன்றே அதில் திகதி எழுதுங்கள். பெரும்பாலான வகைகளுக்கு 28 நாள் கணக்கு. சிலவற்றுக்குக் கூடும், பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பாருங்கள்.

4. பிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு மண்பானை போதும். பெரிய பானைக்குள் சின்னப் பானையை வைத்து, இடைவெளியை மணலால் நிரப்பி, மணலை எப்போதும் ஈரமாக வைத்திருங்கள். போத்தலைப் பொலித்தீன் பையில் கட்டிச் சின்னப் பானைக்குள் வைத்து, ஈரத்துணியால் வாயை மூடுங்கள். பானை நிழலில், காற்றோட்டத்தில் இருக்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நன்றாகக் குளிரும். மாரியில் காற்றே ஈரம் என்பதால் அவ்வளவு குளிராது. இதைக் கைவைத்தியம் என்று தள்ள வேண்டாம். வன்னிக்கு யுத்த காலத்திலேயே அறிமுகமான எம்.எஸ்.எப் (எல்லைகளற்ற வைத்தியர்கள்) அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் 2021இல் ஒரு முடிவை வெளியிட்டன: 25க்கும் 37க்கும் இடையே ஏறியிறங்கும் வெப்பத்தில் 4 கிழமை இருந்த இன்சுலின், குளிரில் இருந்ததைப் போலவே வலுவோடு இருந்தது. கென்யாவின் அகதிமுகாம் வீடுகளின் வெப்பநிலையை அளந்து, அதன்படி செய்த சோதனை அது.

5. கலங்கலான கலவை இன்சுலினைக் குலுக்காதீர்கள். இரண்டு உள்ளங்கைக்கும் இடையில் ஒரு பத்துத்தரம் மெதுவாக உருட்டுங்கள். உருட்டிய பிறகும் கட்டியோ திரியோ நின்றால் வேண்டாம். தெளிவாக இருக்க வேண்டிய வகை கலங்கியிருந்தாலும் அப்படித்தான்.

6. போத்தலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வரும் போத்தல்களில் 40 என்று இருப்பதுண்டு. 100 போத்தலிலிருந்து 40 சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உடம்புக்குள் போகும். உறவினர் அன்பாகக் கொண்டுவந்தது என்று பார்க்காமல் போடாதீர்கள்.

7. சீனி பார்க்கும் பட்டியில் காய்ந்து ஒட்டியிருப்பது அசல் நொதியம். அதற்கு ஈரம் ஆகாது. எடுத்த கையோடு மூடியை இறுக்குங்கள். பிரிட்ஜில் வைக்கவும் வேண்டாம். மாம்பழம் உரித்த கையைக் கழுவாமல் குத்தினால், இல்லாத சீனியும் மீற்றரில் ஏறும்.

8. பஸ்ஸில் யாழ்ப்பாணமோ வவுனியாவோ போகும்போது போத்தலை ஈரத்துணியில் சுற்றிக் கைப்பையில் வையுங்கள். மோட்டார் சைக்கிள் சீற்றின் அடிப்பெட்டி அடுப்பு. ஐஸ் கொண்டுபோனால் போத்தலில் நேரே படவிடாதீர்கள்.

9. பாவித்த ஊசிகளைத் தடித்த பிளாஸ்ரிக் போத்தலில் சேர்த்து, அடுத்த கிளினிக்கில் கேட்டு ஒப்படையுங்கள். வெறுங்காலோடு வயலுக்கு இறங்கும் ஊர், குப்பையில் போடுவது சரியில்லை.

10. சலவைத்தூள் பலவற்றிலும் பற்றீரியா செய்த நொதியம் உண்டு. இரத்தக்கறை, பால்கறைக்குப் பச்சைத் தண்ணீரில் ஊறவையுங்கள். கொதிநீர் நொதியத்தையும் கொல்லும், கறையையும் பதிய வைக்கும். குளோரின் கலந்தாலும் நொதியம் போய்விடும். (குளோரின் செய்த தொழிற்சாலை எங்கள் பரந்தனிலேயே இருந்தது என்பதற்காகத் தாராளமாக ஊற்ற வேண்டாம்.) கூறைச்சேலையை இந்தத் தூளில் போடாதீர்கள்; பட்டும் புரதம், அதையும் தின்னும்.

11. மாரடைப்பில் இரத்தக் கட்டியைக் கரைக்கத் தரும் டெனெக்டெப்ளேஸ், மனித நொதியத்தைச் சற்றே மாற்றி வெள்ளெலிக் கலங்களில் செய்வது. கட்டி கரைக்கும் மருந்தின் பலன் மணிக்கு மணி குறையும். 12 மணித்தியாலம் தாண்டினால் பொதுவாகத் தரமாட்டார்கள். நெஞ்சு நோவை வாய்வு என்று நினைத்து இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். சலரோகக்காரருக்கு நோவே இல்லாமல் வியர்வையும் மூச்சுத் திணறலுமாக மட்டும் மாரடைப்பு வரலாம். போடும் இன்சுலினின் பெயரையும் அளவையும் ஒரு துண்டில் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்திருங்கள். வைத்தியர் முதலில் கேட்பவற்றில் அதுவும் ஒன்று.