ஒளியால் அளந்த உருவம்

தொண்டை நாட்டின் தலைநகராய்ப் பல்லவர் காலத்தில் ஓங்கி நின்ற காஞ்சி மாநகரம், இன்று கோயிலாலும் பட்டாலும் உலகறிந்த ஊராய் விளங்குகின்றது. கோயிலைக் காண வருவோர் பட்டும் வாங்கிச் செல்வர். ஆயினும் நெசவாளர் வீதிக்குள் நுழைந்து, தறியின்மேல் கோவையாகத் தொங்கும் துளையிட்ட அட்டைகளை நின்று நோக்குவோர் மிகச் சிலரே.

அவ்வட்டைகளை நாம் சிறிது நோக்குவோம். சேலையில் மயில் ஒன்று தோன்றவேண்டுமாயின், ஓவியர் அதனை முதலில் கட்டமிட்ட தாளில் வரைகின்றார். மயிலின் உடல் படியும் கட்டங்களுக்கு நிறமிட்டு, ஏனைய கட்டங்களை வெறுமையாய் விடுகின்றார். பின்னர், தாளின் ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அட்டை உண்டாகின்றது. நிறமிட்ட கட்டத்திற்கு ஒரு துளை. வெற்றுக் கட்டத்திற்குத் துளை இல்லை. துளை உள்ள இடத்திற்குரிய பாவு நூல் மேலே எழும்; இல்லாத இடத்து நூல் எழாது. நாடா குறுக்கே ஓட ஓட, மயில் துணியில் வளர்கின்றது. பிரான்சு நாட்டு லியோன் நகரத்தவரான ஜக்கார்டு என்பார் 1804 ஆம் ஆண்டளவில் அமைத்த இப்பொறி, காஞ்சியில் பழைய ‘அடை’ முறையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இப்போது கட்டத்தாளின் வேலையையும் கணினி பெரும்பாலும் ஏற்றுக்கொண்டுவிட்டது. எனினும் கருத்து ஒன்றே. உருவம் ஒன்றைச் சிறு சிறு இடங்களாகப் பகுத்து, ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு குறியைத் தருதலே அக்கருத்தாகும்.

மயில் தட்டையானது. நீளமும் அகலமும் தெரிந்தால் அதற்குப் போதும். ஒரு சாண் உயரமுள்ள செப்புத் திருமேனிக்கு அவை போதுமா? மூக்கு முன்னே நிற்கின்றது. கண் உள்ளே ஒடுங்குகின்றது. கை ஒன்று மார்பின் குறுக்கே வருகின்றது. இங்கே மேடு பள்ளமும் கணக்கில் வரவேண்டும். அக்கணக்கை எடுக்கும் கருவியே முப்பரிமாண வருடி. ஸ்கேனர் என்றே பலரும் அதனை வழங்குகின்றனர்.

செப்புத் திருமேனியை எடுத்துக்காட்டாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டுச் சிற்பிகள் முதலில் மெழுகில் உருவம் செய்வர். அதன்மேல் மண்ணைப் பூசிக் காயவைப்பர். பின்பு சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றுவர். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவர். ஆறியபின் மண்ணை உடைத்தால் திருமேனி வெளிப்படும். மெழுகும் போயிற்று, அச்சும் உடைந்தது. ஆகவே அத்தகைய திருமேனி ஒவ்வொன்றும் தனக்குத்தானே இணையாகும். காணாமற் போனால் அதனைப் போல இன்னொன்றைக் காட்டி, ‘எங்கள் ஊரில் இருந்தது இத்தகையது’ என்று சொல்ல வழியில்லை.

இதனை நம் முன்னோர் உணராதவர் அல்லர். தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில், முதலாம் இராசராசன் காலத்தில் கோயிலுக்கு அளிக்கப்பட்ட செப்புத் திருமேனிகளின் விவரங்கள் வெட்டப்பட்டுள்ளன. திருமேனியின் உயரம் எத்தனை முழம், எத்தனை விரல், கைகள் எத்தனை, பீடம் எவ்வளவு என்றெல்லாம் அக்கல்வெட்டுகள் கூறுகின்றன. அணிகலன்களின் எடையும் அவற்றில் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இத்துணைக் கவனத்தோடு பட்டியல் எழுதிய மக்கள் உலகில் பலர் இரார். அங்ஙனம் எழுதப்பட்ட திருமேனிகளுள் இன்று அக்கோயிலில் எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. கல்வெட்டு நிற்கின்றது, அது கூறும் பொருள் இல்லை. உலகின் ஏதோ ஒரு மூலையில் அவற்றுள் ஒன்று இருக்குமாயினும், முழமும் விரலும் கொண்டு மட்டும் அதனை அடையாளம் காட்டுதல் அரிது. ஒரே உயரமுள்ள திருமேனிகள் பல இருக்கலாம் அன்றோ? இரண்டு மூன்று அளவுகள் ஒரு பொருளைப் பட்டியலில் சேர்க்கும். பிறவற்றினின்று அதனைப் பிரித்துக் காட்ட மேலும் பல அளவுகள் வேண்டும்.

எத்தனை வேண்டும்? வருடி தரும் விடை, பல இலட்சம் என்பது. அத்தனை அளவுகளையும் பொருளைத் தொடாமலே அது எவ்வாறு எடுக்கின்றது என்பதைக் காண்போம்.

பாலாற்றின் இக்கரையில் நாம் நிற்பதாகக் கொள்வோம். அக்கரையில் ஒரு பனைமரம் நிற்கின்றது. ஆற்றைக் கடவாமலே மரத்தின் தொலைவை அறியவேண்டும். இக்கரையில் இரண்டு முளைகளை அடித்து, அவற்றின் இடைவெளியை அளந்துகொள்கின்றோம். பிறகு ஒவ்வொரு முளையிலும் நின்று மரத்தை நோக்கி, அங்கு உண்டாகும் கோணத்தைக் குறிக்கின்றோம். முக்கோணத்தில் ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால், மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். ஆறு குறுக்கே கிடப்பது தடையாகாது. வில்லியம் லாம்ப்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, 1802 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் சென்னைப் பரங்கிமலையின் அருகே ஏறத்தாழ 7½ மைல் நீளமுள்ள நேர்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கியது இக்கணக்கிற்காகவே. அக்கோட்டின்மேல் முக்கோணம், அதன் பக்கத்தின்மேல் மற்றொரு முக்கோணம் என அடுக்கிக்கொண்டே சென்று, அவருக்குப் பின் வந்தோர் இமயத்தின் சிகரங்களையும் அளந்தனர்.

இமயத்தை அளந்த அதே முக்கோணம் திருமேனியின் புருவத்தையும் அளக்கின்றது. முதல் முளை இருந்த இடத்தில் ஒரு விளக்கு. இரண்டாம் முளை இருந்த இடத்தில் ஒரு கேமரா. இரண்டிற்கும் உள்ள இடைவெளி முன்னரே அறியப்பட்டது. விளக்கு மெல்லிய ஒளிக்கோடு ஒன்றைப் பொருளின்மேல் வீசுகின்றது. சமமான பலகையின்மேல் விழுந்தால் அக்கோடு நேராகவே தோன்றும். திருமேனியின் முகத்தில் விழும்போதோ, பக்கத்திலிருந்து நோக்கும் கேமராவிற்கு அது வளைந்து காணப்படும். மூக்கில் ஒரு புறம் விலகும், கண்ணில் மறு புறம் விலகும். அவ்விலகலின் அளவே மேடு பள்ளத்தின் அளவாகின்றது. ஒளிக்கோட்டின் ஒவ்வொரு புள்ளியும் அக்கரைப் பனைமரம் என்று எண்ணிக்கொண்டால் கணக்கு விளங்கிவிடும். கோட்டைச் சிறிது சிறிதாக நகர்த்தியோ, பல கோடுகளை ஒருங்கே வீசியோ, பொருளின் ஒரு பக்கம் முழுவதையும் கருவி அளந்துவிடுகின்றது.

ஒரு பக்கம் முடிந்தவுடன் வேலை முடிந்துவிடாது. சிறு பொருளாயின் அதனைச் சுழலும் தட்டின்மேல் வைத்துச் சிறிது திருப்பி மீண்டும் அளக்கின்றனர். ஒவ்வொரு முறையும் முன் அளந்த பகுதியில் ஒரு பங்கு திரும்பவும் வருமாறு பார்த்துக்கொள்வர். அப்பொதுப் பகுதியைக் கொண்டே கணினி துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்துகின்றது. பின்னர்ப் புள்ளிகளுக்கிடையே சிறு முக்கோணங்களை நிரப்பி, வலை போர்த்தியது போன்ற ஒரு மேற்பரப்பை அமைக்கின்றது. திரையில் அதனைத் திருப்பிக் காணலாம். தலைகீழாக்கிப் பீடத்தின் அடியையும் நோக்கலாம். இரு புள்ளிகளுக்கிடையே உள்ள தொலைவைக் கேட்டால் உடனே கூறும்.

ஆயினும் கருவிக்கு எல்லாப் பொருளும் எளியன அல்ல. பளபளக்கும் உலோகம் ஒளியை நேர்வழியில் திருப்பி எறிந்து கேமராவை ஏமாற்றும். எண்ணெயும் புகையும் படிந்து கறுத்த பரப்பு ஒளியை விழுங்கிவிடும். காஞ்சிப் பட்டின் சரிகையும் மின்னிக் குழப்பும். ஆடவல்லானைச் சூழ்ந்த திருவாசியின் தீச்சுடர்களுக்கிடையே உள்ள சந்துகளில் ஒளி நுழையுமிடத்தில் கேமரா நோக்க முடியாது. கேமரா நோக்குமிடத்தில் ஒளி நுழையாது. தொழிற்சாலைகளில் மின்னும் பொருளின்மேல் வெண்பொடியைத் தூவிவிட்டு அளப்பர். வழிபாட்டில் உள்ள திருமேனியின்மேல் அதனைச் செய்தல் தகாது. விளக்கின் ஒளியைக் குறைத்தும் கோணத்தை மாற்றியும் பொறுமையோடு பலமுறை அளப்பதே அங்கு வழி. அணியும் ஆடையும் களைந்த திருமேனியைத் தொடும் உரிமை அர்ச்சகருக்கே உரியது. ஆகவே நேரத்தையும் முறையையும் அவரோடு கலந்தே முடிவு செய்தல் வேண்டும். தொடாமல் அளக்கும் கருவி கோயிலுக்கு மிகவும் ஏற்றது என்று யான் கருதுவது இதனாலேயே.

வருடி இல்லாதவரும் இவ்வேலையை ஓரளவு செய்யலாம். ஒரு மண்விளக்கைச் சுற்றிச் சுற்றி வந்து, சற்றுச் சற்று விலகிய கோணங்களில் ஐம்பது அறுபது ஒளிப்படங்களைக் கைப்பேசியால் எடுத்துக் கணினிக்குக் கொடுத்தால், அவற்றை ஒப்பிட்டு அதுவே உருவத்தை எழுப்பிவிடும். விளக்கின் பக்கத்தில் ஓர் அளவுகோலை மட்டும் மறவாது வைக்கவேண்டும். இல்லையேல் வடிவம் கிடைக்கும். அது அகல்விளக்கா, அண்டாவா என்னும் அளவு கிடைக்காது.

அளவு என்றவுடன் ஒரு செய்தி நினைவிற்கு வருகின்றது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து அறிஞர் மார்க் லெவாய் குழுவினர், இத்தாலியில் மைக்கலாஞ்சலோ செதுக்கிய தாவீது சிலையை 1999 ஆம் ஆண்டில் வருடியால் அளந்தனர். கலை நூல்கள் சில அதன் உயரத்தை 4.34 மீட்டர் என எழுதியிருந்தன. அதனை நம்பி அமைத்த சாரத்தோடு சென்றவர்கள், அது சிலையின் தலைக்கு எட்டாமை கண்டு திகைத்தனர். உண்மை உயரம் 5.17 மீட்டர்! உலகமே வந்து காணும் சிலைக்கே இந்நிலை என்றால், சிற்றூர்க் கோயிலின் திருமேனிகளைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

காஞ்சிபுர வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். பத்தாம் நூற்றாண்டைச் சார்ந்தனவாகக் கருதப்படும் யோகினியர் கற்சிலைகள் இவ்வட்டாரத்தில் ஒரு கோயிலில் இருந்தன. 1920களில் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் வாயிலாக அவை வெளிநாட்டுக் கலைப்பொருள் வணிகரிடம் சென்றன. இன்று வாஷிங்டன், டெட்ராய்ட், மினியாபொலிஸ், டொராண்டோ, இலண்டன், பாரிஸ் முதலிய நகரங்களின் அருங்காட்சியகங்களில் அவை தனித்தனியே வீற்றிருக்கின்றன. சென்னை அருங்காட்சியகத்திலும் உண்டு. அவை இருந்த கோயிலோ இன்று நிற்கவில்லை. எத்தனை யோகினியர் இருந்தனர், யார் பக்கத்தில் யார் அமர்ந்திருந்தனர் என்பவற்றைக் குறித்த பட்டியலும் நமக்குக் கிடைக்கவில்லை. கல்லைப் பெயர்த்துக் கொண்டுவராமலே அவற்றின் உருவங்களை ஒரு திரையில் ஒருங்கு கூட்டவும், உயரத்தையும் பீடத்தின் அமைப்பையும் உளிபட்ட தடத்தையும் ஒப்பிட்டு வரிசையை ஆராயவும் இந்நாளில் இயலும்.

பதிவு இருந்தமையால் மீண்டு வந்த பொருளும் உண்டு. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1956 முதல் தமிழகக் கோயில்களைப் படம் பிடித்து, ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட ஒளிப்படங்களைத் திரட்டி வைத்துள்ளனர். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராசர் திருமேனியும் அவற்றுள் 1994 ஆம் ஆண்டுப் படமொன்றில் இருந்தது. பின்னர் அத்திருமேனி களவு போயிற்று. ஆஸ்திரேலிய நாட்டுத் தேசியக் கலைக்கூடம் அதனை 2008 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியிருந்தது. பழைய படமும் கலைக்கூடத்துப் பொருளும் ஒத்திருந்தமை வெளிப்பட, 2014 ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்நாட்டுப் பிரதமரே திருமேனியை இந்தியாவிடம் ஒப்படைத்தார். ஆய்வுக்காக எடுத்த படம், எடுத்தவர் எண்ணியிராத வழக்கில் சான்றாய் நின்றது! ஒரு பக்கத்தை மட்டும் காட்டும் ஒளிப்படமே இத்துணை உதவுமாயின், எல்லாப் பக்கமும் அளவோடு அமைந்த பதிவு எவ்வளவு உதவும் என்பது சொல்லாமலே விளங்கும்.

வேறொரு பயனும் இதனால் உண்டு. நாள்தோறும் திருமஞ்சனம் ஆட்டித் துலக்குவதால், நூற்றாண்டுகள் செல்லச் செல்லத் திருமேனியின் கண்ணும் மூக்கும் தேய்கின்றன. அத்தேய்வு ஒருவர் வாழ்நாளில் கண்ணுக்குப் புலனாகாது. இன்று ஒருமுறையும் முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஒருமுறையும் அளந்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினால், எங்கே எவ்வளவு தேய்ந்தது என்பதைக் காணலாம்.

ஆயினும் வருடி அறிவது வடிவத்தை மட்டுமே. உள்ளே இருப்பது செம்பா, அதில் ஈயம் எவ்வளவு, வார்ப்பில் குமிழி உண்டா என்பன அதற்குத் தெரியா. அவற்றை ஆராயும் பணியைக் கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தார் சென்னை அரசு அருங்காட்சியகத்தோடு சேர்ந்து மேற்கொண்டனர். ஊடுகதிர்ப் படத்தாலும் உலோகக் கலவையின் ஆய்வாலும், மனிதனுக்குக் கைரேகை போலச் செப்புத் திருமேனி ஒவ்வொன்றிற்கும் தனி அடையாளத்தை அவர்கள் வகுத்தனர். வடிவமும் உள்ளீடும் ஆகிய இரண்டும் பதிவாகியிருந்தால் போலியைப் பிரித்தல் எளிதாகும்.

இரண்டும் வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் ஒன்றுண்டு. வருடி எடுத்த கணக்கைக் கொண்டு முப்பரிமாண அச்சுப்பொறியில் மெழுகு உருவம் ஒன்றை எடுத்து, அதன்மேல் மண் பூசி வார்த்துவிட்டால், மூலத்தை ஒத்த வடிவம் கிடைத்துவிடும். திருடனைப் பிடிக்க உதவும் பதிவே போலி செய்பவனுக்கும் உதவக்கூடும். எனவே, ஒளிப்படத்தையும் முதன்மையான அளவுகளையும் எல்லாரும் காணுமாறு வெளியிட்டு, அச்சிடத்தக்க முழுப் பதிவை மட்டும் பொறுப்புள்ள காப்பகங்களில் வைத்தல் நலம் என்பது என் எண்ணம். அறிஞருள் சிலர் எல்லாவற்றையும் வெளியிடவேண்டும் என்பர். ஆய்வுக்கு அதுவே உகந்தது என்பதும் உண்மையே.

எங்கே வைத்தாலும், பதிவின் படி இரண்டு ஊர்களிலேனும் இருக்கவேண்டும். எந்நாளில், எந்தக் கருவியால், எந்த அளவுகோலை வைத்து எடுக்கப்பட்டது என்னும் குறிப்பும் உடன் இருக்கவேண்டும். கணினிக் கோப்பின் வடிவம் காலந்தோறும் மாறுவதால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைத் திறந்து பார்த்துப் புதிய வடிவத்திற்கு மாற்றி வைப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். தஞ்சைச் சுவரில் வெட்டிய முழக்கணக்கை அங்ஙனம் எவரும் மாற்றி எழுத நேர்ந்ததில்லை.