வினவலும் மதிப்பும்

'வேங்கை' என்னுஞ் சொல் தனிமொழியாய் நின்று புலியை உணர்த்தும். 'வேம் கை' எனப் பிரிந்து தொடர்மொழியாகவும் நிற்கும். இத்தகையதை நன்னூலார் பொதுமொழி என்பர். எழுத்துக்கள் அவையே, பிரிக்கும் வகையால் பொருள் வேறாகின்றது. இலக்கணம் பயில்வார்க்கு இன்பந் தரும் இவ்வியல்பு, கணினியின் தரவுத்தளத்திற் கள்வனுக்கு வாயிலாகிவிடுகின்றது.

நாமக்கல்லில் லாரி அலுவலகம் ஒன்று தன் வண்டிக் கணக்கைத் தரவுத்தளத்தில் வைத்திருப்பதாகக் கொள்வோம். டி.என். 28 எனத் தொடங்கும் எண்ணொன்றை இட்டால், பைத்தான் நிரல் அதனை இரு மேற்கோட் குறிகளுக்கிடையே ஒட்டி, எஸ்கியூஎல் மொழியில் வினவும். அவ்வண்டியின் வரி கிடைக்கும். ஒருவன் எண்ணுக்குப் பதிலாக ' ஆர் '1'='1 என இடுவானாயின், அவனிட்ட முதற்குறியே மேற்கோளை முடித்துவிடும். எஞ்சியது கட்டளையின் உறுப்பாகும். 'ஆர்' என்பது 'அல்லது' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல். ஒன்று ஒன்றுக்குச் சமமென்பது எஞ்ஞான்றும் மெய்யாதலின், எல்லா வண்டிகளின் கணக்கும் வெளிப்படும்.

இத்தீங்கு 1998-ஆம் ஆண்டிலேயே 'பிராக்' என்னும் மின்னிதழில் எடுத்துரைக்கப்பட்டது. ஆயினும் 2015-இல் இங்கிலாந்தின் டாக்டாக் நிறுவனத்தில் 1,56,959 வாடிக்கையாளரின் விவரங்கள் இவ்வழியே களவுபோயின. மறு ஆண்டில் அந்நிறுவனத்துக்கு 4 இலட்சம் பவுன் தண்டம் விதிக்கப்பட்டது.

குறிகளை நீக்கிவிட்டால் தீராதோ எனின், தீராது. டி'சூசா என்னும் பெயரில் அக்குறி உண்டு. அதனை நீக்கினாற் பெயர் சிதையும். நீக்காது ஒட்டினால் வாக்கியம் முறியும்.

தக்க வழி யாதெனின், வாக்கியத்தையும் மதிப்பையும் தனித்தனியே அனுப்புதலாம். பைத்தானுடன் வரும் எஸ்கியூலைட் தொகுதியில், மதிப்பு நிற்க வேண்டிய இடத்தில் ? என்னும் குறியை மேற்கோளின்றி இடுக. மதிப்பை 'எக்ஸிக்யூட்' என்னும் செயலுக்கு இரண்டாவதாகத் தருக. வாக்கியம் முன்னரே பகுக்கப்படும். மதிப்பு பின்னரே வந்தமரும். ஆதலின் அஃது எவ்வாறிருப்பினும் கட்டளையாக மாறாது.

ஈண்டு மூன்று நினைவிற் கொள்ளத்தக்கன. மதிப்பு ஒன்றேயாயினும், பிறைக்குறிக்குள் அதன்பின் காற்புள்ளி வேண்டும். இன்றேல் சொல்லின் ஒவ்வோர் எழுத்தும் தனி மதிப்பாக எண்ணப்பட்டுப் பிழை நேரும். போஸ்ட்கிரெஸ் தளத்துக்குரிய சைகோபிஜி தொகுதியில் ? குறிக்கு மாறாக %எஸ் என்பது வழங்கும். ஆங்கும் மதிப்பைத் தனியே தருதலே முறை, நாமே ஒட்டுதல் ஆகாது. அட்டவணையின் பெயரையோ நெடுவரிசையின் பெயரையோ இவ்வாறு செலுத்த இயலாது. ஆகவே அவற்றை நாம் முன்னரே வரையறுத்த பட்டியலோடு ஒப்பிட்டு ஏற்றல் வேண்டும்.

பிறர் தருவது பெயராகவே நிற்க; வினையாதல் கூடாது. இவ்வரம்பைக் காப்பது நிரல் எழுதுவோன் கடன். நம்மை நம்பித் தம் பெயரும் எண்ணும் தந்தோர்க்கு நாம் செய்யத்தக்க நேர்மையும் அதுவேயாம்.