கடை வந்ததால் வீட்டு விலை ஏறியதா?

ஓர் ஊரில் புதிதாகப் பெரிய மளிகைக் கடை ஒன்று திறக்கப்படுகிறது. இரண்டு ஆண்டுகளில் அதன் அருகிலுள்ள வீடுகளின் விலை ஏறிவிடுகிறது. "கடை வந்ததால்தான் விலை ஏறியது" என்று ஊரார் பேசிக்கொள்கிறார்கள். மாணவர்களே, இந்த முடிவு சரியா? அல்லது இது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா? இதைச் சோதித்து அறியும் வழியைக் காண்போம்.

இரு தரப்பு வாதங்கள்

அமெரிக்காவில் 1962ஆம் ஆண்டு தோன்றிய நிறுவனம் வால்மார்ட். மளிகையோடு துணிமணி, வீட்டுச் சாமான்கள் முதலியவற்றையும் ஒரே கூரையின் கீழ் விற்கும் பேரங்காடிகளை அது நடத்துகிறது. புதிய அங்காடி வரப்போகிறது என்றாலே பல ஊர்களில் எதிர்ப்பு எழுவதுண்டு. "வண்டிகளின் நெரிசலும் இரைச்சலும் பெருகும், எங்கள் வீட்டின் மதிப்பு குறைந்துவிடும்" என்பது எதிர்ப்பவர்களின் வாதங்களுள் ஒன்று. "மலிவான பொருள்கள் நடந்துபோகும் தூரத்தில் கிடைக்கும், அதனால் மதிப்பு கூடும்" என்பது மற்றொரு தரப்பின் வாதம். பல குடும்பங்களுக்கு வீடுதான் மிகப் பெரிய சொத்து. ஆகவே இது வெறும் பேச்சுப் போட்டி அன்று.

இரண்டு தொட்டிகள்

உரத்தின் பயனை அறிய நாம் என்ன செய்கிறோம்? ஒரே வகை அவரை விதையை இரு தொட்டிகளில் ஊன்றி, ஒன்றுக்கு மட்டும் உரமிடுகிறோம். உரமிடாத தொட்டி இல்லாவிட்டால், செடி தானாக எவ்வளவு வளர்ந்திருக்கும் என்பது தெரியாது.

வீடுகளுக்கும் இதே விதிதான். ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. வணிகர்கள் கண்ணை மூடிக்கொண்டு இடம் தேர்வதில்லை. வளர்ந்துவரும் பகுதியைப் பார்த்தே கடை வைப்பார்கள். அங்கே கடை வராவிட்டாலும் விலை ஏறியிருக்கக்கூடும். எனவே, கடைக்கு மிக அருகிலுள்ள வீடுகளை, அதே ஊரில் சற்றுத் தள்ளியுள்ள வீடுகளுடன் ஒப்பிடுகிறார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள்:

அருகிலுள்ள வீடு: முன்பு 2,00,000 டாலர், பின்பு 2,24,000 டாலர். ஏற்றம் 12 சதவீதம்.

தள்ளியுள்ள வீடு: முன்பு 2,00,000 டாலர், பின்பு 2,20,000 டாலர். ஏற்றம் 10 சதவீதம்.

பத்து சதவீதம் ஊர் முழுவதற்கும் பொதுவான ஏற்றம். மிஞ்சிய 2 சதவீதமே கடையின் பங்கு. இம்முறையை 'வேறுபாடுகளின் வேறுபாடு' எனலாம்.

ஆய்வு கண்ட விடை

டெவின் போப், ஜேரன் போப் என்னும் பொருளியல் அறிஞர்கள் இம்முறையைக் கையாண்டனர். 2000 முதல் 2006 வரை திறக்கப்பட்ட 159 வால்மார்ட் அங்காடிகளின் சுற்றுவட்டாரத்தில் நடந்த 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து, 2015இல் முடிவை வெளியிட்டனர். அரை மைலுக்குள் (ஏறத்தாழ 800 மீட்டர்) இருந்த வீடுகளின் விலை 2 முதல் 3 சதவீதம் கூடியிருந்தது. அரை மைலுக்கும் ஒரு மைலுக்கும் இடையே ஏற்றம் 1 முதல் 2 சதவீதம். தொலைவு கூடக் கூட விளைவு தேய்வதைக் கவனியுங்கள்.

ஆனால் இது சராசரி. சரக்கு வண்டிகள் வந்து நிற்கும் வாயிலை ஒட்டிய ஒரு வீட்டுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சராசரி சொல்லாது. மேலும், விலையேற்றம் எல்லோருக்கும் இலாபம் அன்று. 2,00,000 டாலர் வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் 4,000 டாலர். வீட்டை விற்பவருக்கு அது வரவு, வாங்குபவருக்குச் செலவு. வாடகைக்குக் குடியிருப்பவருக்கோ வாடகை உயரக்கூடும்.

நீங்களே சிந்தியுங்கள்

1. கடைக்கு அருகில் ஒரு வீட்டின் விலை 1,50,000 டாலரிலிருந்து 1,71,000 டாலர் ஆயிற்று. தள்ளியுள்ள வீடு 1,50,000 டாலரிலிருந்து 1,65,000 டாலர் ஆயிற்று. கடையின் பங்கு என்ன?

2. அதே காலத்தில், தள்ளியுள்ள பகுதியில் இருந்த ஒரு பெரிய ஆலை மூடப்பட்டது என்று பின்னர் தெரியவருகிறது. உங்கள் விடையை இன்னும் நம்பலாமா?

விடை: 1. 4 சதவீதம். 2. நம்ப இயலாது. ஆலை மூடியதால் அங்கே விலையேற்றம் குறைந்திருக்கலாம். அக்குறைவு கடையின் கணக்கில் சேர்ந்துவிடும். உரமிடாத தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டால், உரத்தின் பயனை எப்படி அளப்பது?