பிள்ளைக்கு மெத்தை வாங்கும் முன்

மழைக்காலத்தில் லயக் காம்பராவின் சீமெந்துத் தரை ஐஸ் மாதிரிக் குளிரும். பாயும் பழைய கம்பளியும் விரித்துப் படுத்த பிள்ளை விடியற்காலையில் மூக்கடைத்து எழும்பும். அதனால்தான் தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும், "இந்த வருசமாவது புள்ளைக்கு ஒரு மெத்தை எடுத்திரணும்" என்ற பேச்சு பல வீடுகளில் கிளம்புகிறது. நல்ல யோசனைதான். ஆனால் ஒருமுறை வாங்கினால் பல வருடங்கள் அதிலேதான் பிள்ளை படுக்கப்போகிறது. கைக்குழந்தை என்றால் பிழையான மெத்தை உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே காசைக் கொடுக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வோம்.

1. முதலில் பிள்ளையின் வயதைப் பாருங்கள்

"பச்சப்புள்ளைக்கு பஞ்சு மாதிரி மெத்துன்னு இருக்கணும்" என்று பெரியவர்கள் அன்போடு சொல்வார்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இது பொருந்தாது. மெத்தை புதைந்தால், புரண்ட குழந்தையின் முகமும் அதில் புதையும். தலையைத் தூக்கித் திருப்ப அதற்குப் பலம் போதாது. மூச்சு முட்டினால் அழக்கூட முடியாது. ஆகவே படுக்கை சமமாகவும் உறுதியாகவும் இருக்கவேண்டும். தலையணை, துணி பொம்மை, தடித்த போர்வை எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். 1991இல் இங்கிலாந்திலும் 1994இல் அமெரிக்காவிலும் இதைப் பெரிய பிரசாரமாகவே செய்தார்கள். அதன் பிறகு தூக்கத்தில் திடீரென இறக்கும் குழந்தைகளின் தொகை வெகுவாகக் குறைந்தது. "கக்குனா பொறையேறிறாதா?" என்று கேட்பீர்கள். சுகமான குழந்தைக்கு மல்லாக்கப் படுப்பதால் அந்த ஆபத்து கூடுவதில்லை.

குளிருக்கு என்ன செய்வது? ஒரு சட்டை கூடுதலாகப் போடுங்கள், காலுறை போடுங்கள். போர்த்துவதானால் மெல்லிய போர்வையை நெஞ்சு வரை மட்டும் போர்த்தி, ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள். முகத்தை மூடவேண்டாம்.

குழந்தை தாயின் பக்கத்திலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்குவது நல்லது. குடித்தவரோ, புகைப்பிடிப்பவரோ கைக்குழந்தையோடு ஒரே படுக்கையில் படுக்கவே கூடாது.

2. எந்த வகை நல்லது?

தும்பு மெத்தை: உறுதியானது, காற்றோட்டம் உள்ளது. ரப்பர் பால் சேர்த்து அழுத்திய தும்பு என்றால் சீக்கிரம் பள்ளம் விழாது. வெறும் தும்பு அடைத்தது என்றால் உறைத் துணி தடிப்பாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் தும்பு குத்தும், தூசி வரும்.

இலவம் பஞ்சு மெத்தை: சூடாக இருக்கும். ஆனால் நாளாக நாளாகக் கட்டிபட்டு மேடு பள்ளமாகும். ஈரத்தை இழுத்தால் காய்வதும் கஷ்டம். கைக்குழந்தைக்கு ஏற்றதல்ல.

ஸ்பொஞ்ச் மெத்தை: பாரம் இல்லை, பஸ்ஸில் கொண்டுவரலாம். ஆனால் தரம் கெட்டது சில மாதத்திலேயே அமுங்கிவிடும். சிப் இருந்தால் திறந்து உள்ளே பாருங்கள். வெட்டுத்துண்டுகளைச் சும்மா அடைத்திருந்தால் எடுக்கவேண்டாம்.

3. கடையில் செய்யும் சோதனை

● உள்ளங்கையால் நன்றாக அழுத்திக் கையை எடுங்கள். உடனே பழைய நிலைக்கு வரவேண்டும். கை அடையாளம் அப்படியே நின்றால் விட்டுவிடுங்கள்.
● நடுவில் முஷ்டியால் அமுக்குங்கள். அடிப்பலகை கையில் தட்டுப்பட்டால் அது பெரிய பிள்ளைக்கும் உதவாது.
● கட்டில் இருந்தால் அதன் உள் நீள அகலத்தைக் கயிற்றால் அளந்து கொண்டுபோங்கள். மெத்தைக்கும் கட்டில் ஓரத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. அந்த இடுக்கில் குழந்தையின் தலை சிக்கலாம்.
● மணந்து பாருங்கள். பூஞ்சண வாடை அடித்தால் வேண்டாம். பழைய மெத்தை என்றால் தையல் ஓரங்களில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று விரித்துப் பாருங்கள்.

சம்பள நாளில் லயத்துக்கே வந்து தவணைக்குக் கொடுப்பவர்களும் உண்டு. மாதம் 1,500 ரூபா என்றால் சின்னத் தொகையாகத்தான் தெரியும். 12 மாதம் கட்டினால் 18,000 ரூபா. அதே மெத்தை டவுன் கடையில் கைக்காசுக்கு என்ன விலை என்று விசாரித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். மேலே சொன்ன சோதனைகளை வாசலிலும் செய்யலாம். வெட்கப்பட வேண்டாம், காசு உங்களுடையது.

4. வீட்டுக்கு வந்த பிறகு

புது மெத்தையைச் சுற்றியுள்ள பொலித்தீனை அன்றைக்கே கழற்றி அப்புறப்படுத்துங்கள். அது முகத்தில் ஒட்டினால் மூச்சு அடைத்துவிடும். மூத்திர ஈரத்துக்கு ரெக்சின் விரிப்பை இறுக்கமாகப் போட்டு, அதன் மேல் பருத்தித் துணியை இழுத்துச் செருகுங்கள்.

மெத்தையை வெறும் சீமெந்துத் தரையில் போடாதீர்கள். உடம்புச் சூடும் தரைக் குளிரும் சேர்ந்து அடிப்பக்கம் வியர்க்கும், பூஞ்சணம் பிடிக்கும். இழுப்பு உள்ள பிள்ளைக்கு அதுவே எதிரி. இடைவெளி விட்டு அடித்த பலகைத் தட்டின் மேல் போடுங்கள். காலையில் வேலைக்குப் போகுமுன் மெத்தையைச் சுவரோடு நிமிர்த்தி வையுங்கள். வெயில் கண்ட நாளில் வெளியே போட்டுத் தட்டிக் காய வையுங்கள். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தை, மாசி மாத வெயிலையும், பதுளைப் பக்கம் ஆனி, ஆடி வெயிலையும் விட்டுவிடாதீர்கள். அடுப்புப் புகை படாத பக்கமாகப் பிள்ளையின் படுக்கை இருக்கட்டும்.

5. வாங்க வசதி இல்லையென்றால்?

மெத்தை இல்லாதது குறையல்ல. பலகைத் தட்டின் மேல் பாய், அதன் மேல் இரண்டாக மடித்து இறுக்கி விரித்த கம்பளி, அதற்கு மேல் சுத்தமான துணி. கைக்குழந்தைக்கு மெதுமெதுப்பான மெத்தையைவிட இதுவே பத்திரம். சீலைத் தொட்டிலில் தூங்கவைத்தால் பார்வையிலேயே வைத்திருங்கள். கண்ணயர்ந்ததும் சமமான படுக்கைக்கு மாற்றுங்கள். பெரிய பிள்ளைகள் அதில் ஆடி விளையாட விடாதீர்கள், சீலை கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

● நம் பிள்ளையின் படுக்கையை அழுத்தினால் உடனே எழும்புகிறதா?
● அதன் அடிப்பக்கத்தைக் கடைசியாக எப்போது புரட்டிப் பார்த்தோம்?
● ராத்திரியில் பிள்ளையின் முகத்துக்குப் பக்கத்தில் என்னென்ன கிடக்கின்றன?

பதில் சொல்லும்போதே செய்யவேண்டியது தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் தோட்டத்து மருத்துவமாதுவிடம் கேளுங்கள். பிள்ளைக்கு இரவெல்லாம் மூச்சு இழுத்தால் மெத்தையை மாற்றிப் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.