செரித்தலும் சமிபாடும்: மருத்துவக் கல்வியில் உணவியற் கலைச்சொற்கள்

மருத்துவ மாணவர் முதலாண்டில் உடலியங்கியலிலும் உயிர்வேதியியலிலும் பயிலும் பாடங்களுள் செரிமானமும் வளர்சிதைமாற்றமும் அடங்கும். இவற்றைத் தமிழில் கற்பிக்கும் முயற்சி புதியதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 1860களில் பயிற்றுமொழியைத் தமிழாக்கினார். டால்டனின் உடலியங்கியல் நூல் ‘மனுஷ சுகரணம்’ என 1883இல் வெளிவந்தது. இத்தலைப்பு வடமொழி வழிப்பட்டது. அவரது வேதியியல் நூலின் பெயராகிய ‘கெமிஸ்தம்’ ஆங்கில ஒலிக்குத் தமிழ் ஈறு தந்தமைந்தது. ஒரே பள்ளியில் இருவேறு சொல்லாக்க நெறிகள் நிலவியமை இதனாற் புலனாகும்.

இன்றும் அவ்வேறுபாடு நீங்கவில்லை. தமிழகப் பாடநூல்களில் செரித்தல், நொதி, கணையம், வளர்சிதைமாற்றம் என வழங்குவன இலங்கையில் முறையே சமிபாடு, நொதியம், சதையி, அனுசேபம் என வழங்குகின்றன. சமிபாடு, ‘சமி’ என்னும் வினையடியாகப் பிறந்த தொழிற்பெயர். அதனைக் குறைசொல்ல இடமில்லை. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரமோ இப்பொருளில் ‘அறு’ என்னும் வினையையே ஆள்கிறது.

அனுசேபம் தன் பொருளைத் தானே உணர்த்துவதன்று. வளர்சிதைமாற்றம் அத்தகையதன்று. உணவுண்டபின் குளுக்கோசு கல்லீரலில் கிளைக்கோசனாகச் சேர்கிறது. உண்ணாத வேளையில் அக்கிளைக்கோசன் மீண்டும் குளுக்கோசாக உடைகிறது. முன்னது வளர்மாற்றம், பின்னது சிதைமாற்றம். இரண்டும் காலங்கரந்த வினைத்தொகைகள் ஆதலின், உயிருள்ளவரை ஓயாது நிகழும் செயலுக்கு இச்சொல்லமைப்பு மிகவும் பொருந்துகிறது. சொல்லைப் பிரித்தறியும் மாணவர் பாடத்தின் பாதியை அறிந்தவராவர் எனலாம்.

இடர் மிகுதியும் நேர்வது ‘பித்தம்’ என்னும் சொல்லில்தான். கல்லீரலிற் சுரந்து பித்தப்பையிற் சேரும் பித்தநீர் கொழுப்பைச் சிறுதுளிகளாக்கும். அதில் செரிமான நொதி இல்லை. சித்த மருத்துவம் கூறும் பித்தமோ வாதம், கபம் ஆகியவற்றோடு எண்ணப்படும் உயிர்த்தாது. வெம்மை அதன் இயல்பு. ‘பித்தம் கூடிவிட்டது’ என்று நோயாளர் கூறுவது பெரும்பாலும் தலைச்சுற்றலையோ குமட்டலையோ குறிக்கும். அதனைப் பித்தநீர்ப் பெருக்கம் எனக் குறித்துக்கொள்ளும் மாணவர் நோயறிதலில் முதற்படியிலேயே வழி தவறுவர். பாடநூல் ‘பித்தநீர்’ என முழுச்சொல்லையே யாண்டும் ஆளுதல் வேண்டும். சுருக்கம் கருதிப் ‘பித்தம்’ என எழுதுதல் இவ்விடத்துப் பிழையேயாம்.