புது வீட்டு வெளிச்சுவரும் மேட்டுப் புழுதியும்

தங்கவயலில் வீடு கட்டும் அன்பர்கள் சிலர் வெளிப்பூச்சு குறித்து என்னிடம் கேட்டார்கள். பெங்களூர் ரயிலில் நின்றுகொண்டே போய்ச் சம்பாதித்த பணம், வீணாகக் கூடாது. ரயில்வே பொறியியல் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் அறிந்ததைச் சொல்கிறேன்.

2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. பாறையை அரைத்துப் பொன் பிரித்தபின் கொட்டிய சயனைடு மேடுகள் மட்டும் நிற்கின்றன. ஆடிக் காற்றில் அந்தத் தூள் சுவரெல்லாம் அப்பும். ஆகவே பெங்களூரில் அழகாகத் தெரியும் சொரசொரப்புப் பூச்சு நமக்கு ஆகாது. மேஸ்திரி பேச்சைக் கேட்டு என் வீட்டு முகப்பில் அதைத்தான் பூசினேன். இரண்டே வருடத்தில் பள்ளங்களில் புழுதி ஏறி, மழையில் சாம்பல் கோடுகளாக வழிந்தது. வழவழப்பாகத் தேய்த்த சுவரென்றால் கழுவிவிடலாம்.

சும்மா கிடைக்கிறதென்று மேட்டு மணலைக் கலவையில் சேர்க்காதீர்கள். அது மாவு போன்றது, பூச்சு வெடிக்கும். ரசாயன மிச்சமும் உண்டு. விலைக்கு வாங்கும் மணலையும் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி மூன்று மணி நேரம் வையுங்கள். மேலே படியும் வண்டல் நூற்றுக்கு 8 பங்கைத் தாண்டினால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.

பூசியபின் ஏழு நாளாவது சுவரை நனைக்க வேண்டும். (தண்ணீர்ப் பஞ்சத்தில் முதலில் குறைப்பது இதைத்தான்!) எமல்ஷன் பெயிண்ட் அடிக்க 28 நாள் பொறுங்கள். சன்ஷேடின் அடிவிளிம்பில் ஒரு காடி விடச் சொல்லுங்கள். மழைநீர் அங்கேயே சொட்டிவிடும், சுவரில் இறங்காது.